ஏழாவது சகோதரர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டதாரிகளுக்கென்று சகோதர சங்கம் ஆரம்பித்த வேதசிரோமணி, அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மிஷன் உதவிப் பணத்தில் அயோவா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் படித்தார். தங்கியிருந்தது ஒரு கிழவியின் வீட்டு மாடியில். எதிரே மாணவ சகோதரர்களின் மாளிகை. அதன் வாசலில் கிரேக்க எழுத்துகள் தொங்கும். சனிக்கிழமை மாலையானால் எல்லா ஜன்னல்களிலும் விளக்கெரியும், பியானோ கேட்கும், இளைஞர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு பாடுவார்கள். வேதசிரோமணி இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை தானும் சேர விரும்புவதாகச் சொல்லிப் பார்த்தார். வெள்ளைக்காரர்களை மட்டுமே சேர்ப்பது விதி என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி அனுப்பினார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. இப்படிக் கறாரான விதி வைத்திருக்கிறார்களே என்று மதிப்புதான் கூடியது.

ஊர் திரும்பி மிஷன் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆன பிறகும் அந்த ஜன்னல் வெளிச்சம் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் தேடிப் பிடித்துத் தன்னோடு சேர்த்து ஏழு பட்டதாரிகளைக் கூட்டினார். கோர்ட்டு வக்கீல் இருதயம், ஒரு டாக்டர், ராஜபாளையத்து பாங்கி ஏஜெண்டு, ஓய்வுபெற்ற பள்ளி இன்ஸ்பெக்டர் என்று எல்லாம் பெரிய மனிதர்கள். 1929இல் 'லாம்டா தீட்டா சகோதர சங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை' பிறந்தது. அதற்குத் தாய்ச் சங்கம் என்று உலகத்தில் எங்கும் எதுவும் கிடையாது. ஆனால் கிளை என்று சொன்னால்தான் எங்கோ ஒரு மரம் இருப்பதாகத் தோன்றும் என்பது வேதசிரோமணியின் எண்ணம்.

சங்கத்துக்கு வீடு கொடுத்தவர் பஞ்சு வியாபாரி சின்னத்துரை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பி.ஏ. என்ற எழுத்துகளைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கக்கூடியவர். ராஜபாளையம் போகும் ரோட்டில் இருந்த தன் சுண்ணாம்புக் காரை வீட்டை அப்படியே எழுதிக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆண்டுதோறும் ஆடி முதல் தேதி ஏழு பட்டதாரிகள் அந்த வீட்டில் சேர்ந்து உட்கார வேண்டும். எந்த ஆண்டு ஏழு பேர் கூடவில்லையோ அந்த ஆண்டே வீடு தன் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். ஆடியில் பஞ்சு வியாபாரம் மந்தம், வந்து வேடிக்கை பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். பத்திரம் எழுதிய வக்கீல் இருதயம், நாளுக்கு நாள் படிப்பு வளர்கிற தேசத்தில் ஏழு பேருக்கா பஞ்சம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார்.

திறப்பு விழாவன்று ரகசியக் கூட்டம் தொடங்கியதும் சின்னத்துரையை முன்கூடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பட்டதாரி அல்லாதவர் உள்ளே வர விதி இல்லை. அவர் அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். "நான் குடுத்த வீட்டுக்குள்ள என்னையே விடமாட்டேங்காவ. அம்புட்டுப் பெரிய சங்கம்."

வாசல் பலகையில் இரண்டு கிரேக்க எழுத்துகளை எழுதி மாட்டினார்கள். லாம்டா பார்ப்பதற்குத் தலைகீழாகப் போட்ட நாமம் மாதிரி இருந்தது. ஆண்டாள் கோயில் ஊரில் நாமத்தைக் கவிழ்த்துப் போட்டவன் எவன் என்று சிலர் வந்து கேட்டார்கள். வேதசிரோமணி அவர்களுக்குக் கிரேக்க அரிச்சுவடியை விளக்கி அனுப்பினார். இரண்டாவது எழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெயர் தீட்டா என்று தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அந்த வீட்டைத் தீட்டு வீடு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

உள்ளே சகோதரத்துவம் அதன் போக்கில் நடந்தது. அயோவாவில் சகோதரர்கள் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள் என்று வேதசிரோமணி சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் யார் வீட்டுச் சோற்றை யார் தொடுவது என்ற பேச்சு வந்தபோது சகோதர விருந்து வாழைப்பழத்தோடும் பேரீச்சம்பழத்தோடும் நின்றுவிட்டது. புது ஆளைச் சேர்க்க ரகசிய ஓட்டு உண்டு. ஒரு மண்கலயத்தில் சம்மதம் என்றால் வெள்ளை மொச்சை, மறுப்பு என்றால் கறுத்த ஆமணக்கு முத்து. ஒரே ஒரு முத்து விழுந்தாலும் அந்த ஆளைச் சேர்க்க முடியாது, மறுபடி அழைக்கவும் முடியாது. முத்துப் போட்டவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்படியாக ஒரு முன்சீப்பு, இரண்டு உபாத்தியாயர்கள், சோழபுரத்து மிராசுதார் மகன் ஒருவர் எல்லோரும் கலயத்தோடு போனார்கள். ஏழு பேர் ஏழு பேராகவே இருந்தார்கள். அதற்குள் சின்னத்துரையும் காலமானார்.

1934இல் ஜெயபாய் சென்னையில் பி.ஏ. முடித்து ஊருக்கு வந்து பெண்கள் பள்ளிக்குத் தலைமையேற்றாள். இரண்டு ஊர்களிலும் பி.ஏ. படித்த பெண் அவள் ஒருத்திதான். வந்த மாதமே ஒரு சாயங்காலம் சங்கத்து வீட்டு வாசலில் வேதசிரோமணியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், பி.ஏ. தேறினவங்க யாரும் சேரலாம்னு விதியில இருக்காம். நான் சேரணும்."

"இது சகோதர சங்கம்மா."

"தெரியும் சார். உள்ள அலமாரி நெறைய புத்தகம் இருக்கு, பேப்பர் வருது. அதைப் படிக்கணும். இந்த ஊர்ல அதுக்கு வேற எடம் இல்லை."

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாதே."

ஜெயபாய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேலைக்காரி சுடலைமாடத்தி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வேதசிரோமணியும் பார்த்தார்.

"அவ பின்வாசல் வழியா வாரவ" என்றார்.

வேதசிரோமணி அமெரிக்க அனுபவங்களைப் பற்றிக் மிஷன் கோவில் வாலிபர் சங்கத்தில் பலமுறை பேசியிருக்கிறார். ஜெயபாய் சிறுமியாக இருந்தபோதே அதைக் கேட்டவள்.

"அமெரிக்காவுல உங்களை ஏன் சேக்கலை சார்?"

"அது அவிய விதி."

"அப்ப இது?"

"இது நம்ம விதி" என்றார் வேதசிரோமணி. இதற்கு மேல் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் அவளுடைய விண்ணப்பத்தைப் பற்றிச் செத்த நேரம் சிரித்தார்கள். ஓட்டுக்கு விடுகிற அளவுக்குக்கூட அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருடம் ஆவணியில் டாக்டர் மாரடைப்பில் இறந்தார். அனுதாபக் கூட்டத்தில் முதல் தீர்மானம் அவருடைய ஆத்ம சாந்திக்காக. இரண்டாவது தீர்மானத்துக்குப் போவதற்குள்ளேயே இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டார்.

"ஆடி ஒண்ணுக்கு ஏழாவது ஆளுக்கு எங்க போக?"

சேர்க்காமல் விட்டவர்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். மறுபடி அழைக்க விதி இடம் கொடுக்கவில்லை. அழைத்தாலும் அவர்கள் வருகிற மாதிரி இல்லை. முன்சீப்பு, வக்கீல் இருதயத்தின் கேஸை ஒத்திவைக்கிறபோதெல்லாம் அந்த ஆமணக்கு முத்து அவர் மனசில் இருப்பதாக இருதயத்துக்குச் சந்தேகம்.

யாரோ சோலைராஜ் பெயரைச் சொன்னார்கள். ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி முதலாளியின் மகன். வீட்டில் பேசுவது தெலுங்கு. மதுரைக் கல்லூரியில் பி.ஏ. படித்தவன். மற்ற பாடமெல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றவன். மாசியில் பரீட்சை, ஆனியில் ரிசல்ட். அவன் தேறிவிட்டால் ஆடிக்கு ஆள் ஆயிற்று. அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க யார் என்று பார்த்தார்கள். வேதசிரோமணி எம்.ஏ.தான், ஆனால் கணிதத்தில். மற்றவர்களுக்கு இங்கிலீஷைக் கடைசியாக எப்போது படித்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. இங்கிலீஷ் இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியவர் அந்த இரண்டு ஊர்களிலும் ஒருவர்தான் உண்டு.

ஜெயபாய் வீட்டுக்கு வேதசிரோமணியும் இருதயமும் போனார்கள். சங்கத்தின் பேரில் ஒரு உதவி என்று ஆரம்பித்து, ஏன் என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார்கள். சின்னத்துரையின் பத்திரம் ஊரறிந்த விஷயம். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"சொல்லிக் குடுக்கேன் சார். எங்க வீட்ல எடம் காணாது. சங்கத்து வீட்லதான் வச்சுச் சொல்லிக் குடுக்கணும். புத்தகமும் அங்கதான் இருக்கு."

வேதசிரோமணி இருதயத்தைப் பார்த்தார். இருதயம் உத்தரத்தைப் பார்த்தார்.

"முன்வாசல் வழியா வருவேன்" என்றாள்.

வேறு வழியில்லை. ஆனால் ஒரு வாலிபனும் கல்யாணமாகாத பெண்ணும் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் துணைக்கு உட்கார வேதசிரோமணி தன் மகள் செல்லத்தாயையே அனுப்பினார். செல்லத்தாய்க்குத் தனியாகப் போக வெட்கம், தோழி ஒருத்தியைக் கூட்டிவந்தாள். தோழி தன் தங்கையைக் கூட்டிவந்தாள். கார்த்திகை பிறப்பதற்குள் துணைக்கு வந்தவர்கள் ஜமுக்காளம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்துரையின் விதவை அன்னத்தாயும் தன் தம்பி பேத்தியை அனுப்பி வைத்தாள்.

சோலைராஜ் நல்லவன். பஞ்சின் இழை நீளத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லுவான், நாய் வளர்ப்பான், பொய் சொல்லத் தெரியாது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மேஜைக்கு முன்னால் தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி உட்காருவான். முதல் வாரம் ஜெயபாய், வசந்த காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னாள். பரீட்சையில் வழக்கமாக வரும் தலைப்பு.

அவன் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தான். "தெலீது" என்று வாய்க்குள் முனகினான்.

"என்ன தெரியலை?"

"வசந்த காலம்னா எப்ப டீச்சர்? நம்ம ஊர்ல வெயிலும் மழையும்தான உண்டு."

ஜமுக்காளத்தில் சிரிப்பு எழுந்தது. ஜெயபாய் சிரிக்கவில்லை. அன்று பேக்டரியில் அவன் காலையிலிருந்து பார்த்ததை எழுதச் சொன்னாள். அவன் இரண்டு பக்கம் எழுதினான். தப்புகள் நிறைய, ஆனால் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறுவது மாதிரி இருந்தது. அதையே திருத்தி, அடுத்த வாரம் நட்பைப் பற்றி எழுதச் சொன்னாள். அவன் தன் நாயைப் பற்றி எழுதினான். அவள் நாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனைப் போடச் சொன்னாள். அவனுக்கு அப்படித்தான் இங்கிலீஷ் வந்தது.

கேள்வி கேட்டால் அவன் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து செல்லத்தாய் பதில் சொல்லிவிடுவாள். முதலில் அதட்டினாள் ஜெயபாய். பிறகு அவளுக்கும் கட்டுரைத் தலைப்பு கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு எல்லோருக்கும் கொடுத்தாள். சகோதரர்கள் சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்காலிகளில் பெண்பிள்ளைகள், அலமாரி திறந்து கிடக்கும், பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்று படித்துக்கொண்டிருப்பார்கள். சகோதரர்கள் முன்கூடத்தில் சின்னத்துரை உட்கார்ந்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பரீட்சை முடிகிற மட்டும்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனி மாதம் ரிசல்ட் வந்தது. சோலைராஜ் தேறியிருந்தான். அவன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பெண்கள் பள்ளிக்குப் போய் ஜெயபாயைக் கும்பிட்டுவிட்டுத்தான் சங்கத்துக்கு வந்தான். அன்றே ஓட்டு நடந்தது. கலயத்தில் எல்லாம் வெள்ளை மொச்சை. பள்ளிக்கூடக் கரும்பலகைத் துணியால் அவன் கண்ணைக் கட்டி, வீட்டை மூன்று சுற்று சுற்றவைத்து, உயிருள்ள மட்டும் சங்கத்தைக் கைவிட மாட்டேன் என்று இங்கிலீஷில் பிரமாணம் வாங்கினார்கள். அவன் ஒரு பிழை இல்லாமல் சொன்னான். வேதசிரோமணிக்குக் கண் கலங்கியது. மறுநாள், இனி சாயங்கால வகுப்பு தேவையில்லை என்று ஜெயபாயிடம் சொல்லவும் அவர் மறக்கவில்லை. அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்து சோலைராஜ் கப்பலேறினான்.

அவனுடைய அப்பா நூல் மில் ஒன்று ஆரம்பிக்கும் யோசனையில் இருந்தார். மகன் பி.ஏ. என்றதும் மான்செஸ்டரில் மெஷின் கம்பெனி ஒன்று அவனைத் தொழில் பழகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. அவன் கிளம்புமுன் செய்தி கேட்டு ராஜபாளையத்துக்கு ஓடிய வேதசிரோமணியும் இருதயமும் ஆடி ஒன்று கழித்து அனுப்பக்கூடாதா என்று கெஞ்சினார்கள்.

"கொழும்புல கப்பல் உங்க சங்கத்துக்காக நிக்குமா?" என்றார் முதலாளி. பிறகு மனம் இரங்கி, "நல்ல பையனைப் படிக்க வச்சுக் குடுத்தீங்க. உங்களை மறக்கமாட்டேன்" என்று ஒரு கூடை மாம்பழம் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் மாம்பழக் கூடையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். வன்னியம்பட்டி தாண்டுமுன் இருதயம் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கவனிச்சீரா? ஜெயபாய்ப் பிள்ளையை நாம மறுக்கவே இல்லை. ஓட்டுக்கே விடலை. விதிப்படி பாத்தா இப்பவும் கூப்பிடலாம்."

"பொம்பளை எப்படிய்யா சகோதரன் ஆவா?"

"சட்டத்துல அவன்னு போட்டா அதுக்குள்ள அவளும் அடக்கம். கோர்ட்டுல தெனமும் அப்படித்தான் வாசிக்கோம்."

அன்று மாலை கலயத்தை வைத்தார்கள். முதல் தடவை ஒரு கறுப்பு முத்து விழுந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு போய்விடும் என்று இருதயம் எடுத்துச் சொல்லி, இது ஒத்திகை ஓட்டு என்று அறிவித்து, இரண்டாவது தடவை வைத்தார். இரண்டு முத்து விழுந்தது. ஏழு வருடம் அண்ணன் தம்பியாக இருந்தவர்கள், இன்ஸ்பெக்டரா பாங்கி ஏஜெண்டா என்று குரலை உயர்த்திக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் வேதசிரோமணி எழுந்து பையிலிருந்த ஆமணக்கு முத்தையெல்லாம் அள்ளி ஜன்னல் வழியே வெளியே கொட்டினார். மூன்றாவது ஓட்டு ஏகமனதாக முடிந்தது.

ஜெயபாய் வீட்டுக்கு ஆறு பேரும் போனார்கள். நாற்காலி பற்றாமல் மூன்று பேர் நின்றார்கள். இருதயம் ஏற்பாட்டை விளக்கினார். ஆடி முதல் தேதி மட்டும் வந்து உட்கார்ந்தால் போதும். மற்றபடி கூட்டங்களுக்கு வரும் சிரமம் வேண்டாம். ஏட்டில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குக் கூடப்பெறந்தவங்களே நாலு பேரு சார். ஒவ்வொருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சண்டைக்கும் போய்ட்டு வரவே லீவு பத்தலை. இன்னும் ஆறு பேரை என்னால தாங்க முடியாது."

"வீடு போயிருமே அம்மா" என்றார் வேதசிரோமணி. குரல் தணிந்திருந்தது. "புத்தகமெல்லாம் இருக்கே. நீதான ஆசைப்பட்டே."

"ஆசைப்பட்டேன் சார். பாதிக்கு மேல படிச்சிட்டேன்." பிறகு அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "காப்பி போடச் சொல்லட்டுமா?" என்றாள்.

ஆடி முதல் தேதி காலையில் ஆறு சகோதரர்களும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். அன்னத்தாய் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். அவள் உள்ளறை வாசலுக்கு வந்ததும் எழுந்து தடுக்க வேண்டுமா என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு தயக்கம். யாரும் எழவில்லை. அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எம்புட்டுப் பேருய்யா உக்காந்திருக்கீய?"

"ஆறு பேரு ஆச்சி" என்றார் இருதயம். "ஏழாவது ஆளு கப்பல்ல போறார். மனசால அவரும் எங்ககூடத்தான் உக்காந்திருக்கார். அதைச் சட்டப்படி…"

"மனசால உக்காந்தா நாற்காலி தேயுமா?" என்று கேட்டாள் அன்னத்தாய். கேலியாக அல்ல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. "எங்க வீட்டுக்காரர் இந்தச் சங்கத்தை எம்புட்டு மதிச்சாரு. அவிய சொல்லு பொய்யாகக் கூடாது. சாவியைக் குடுத்துட்டுப் போங்க. மெதுவாப் போங்க, அவசரமில்லை."

அடுத்த வாரமே அந்த வீட்டை ஜெயபாய்க்கு வாடகைக்கு விட்டாள். வாடகை எவ்வளவு என்று ஊரில் கேட்டவர்களுக்கு, என் தம்பி பேத்தி மெட்ரிக் தேறட்டும் பொறவு பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். சோழபுரத்திலிருந்தும் செண்பகத்தோப்புப் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். சங்கத்தின் பலகையைக் கழற்ற ஏணி கிடைக்காமல் அது பாட்டுக்குத் தொங்கியது. சகோதரர்கள் இருதயத்தின் ஆபீசில் இரண்டு மூன்று தடவை கூடினார்கள். கறுப்பு முத்து யார் போட்டது என்ற பேச்சில் ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததால், பிறகு கூட்டம் போடுவதையே விட்டுவிட்டார்கள்.

வேதசிரோமணி சில மாதங்கள் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. செல்லத்தாய்தான் தினமும் போய் வந்தாள். தை மாதத்தில் ஒருநாள் அவளை அழைத்துவர ஆள் இல்லாமல் அவரே போக வேண்டியதாயிற்று. வெளியே நின்று காத்திருந்தார். உள்ளே ஜெயபாய் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில் குறி மாறியிருந்ததை ஜன்னல் வழியாகவே அவர் கண்டுபிடித்தார். சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் அவளே வெளியே வந்தாள். கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"சார், எனக்கு அல்ஜீப்ரா வராது. மெட்ரிக் எழுதப் போற பிள்ளைங்க இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வந்து எடுப்பீங்களா?"

"உள்ள வந்தா எடுக்கணும்?"

"உள்ள வந்துதான் சார். கரும்பலகையை வெளிய கொண்டாற முடியாதே."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். மூன்றாவது வரியைத் திருத்தினார். வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கியது நான்கு நாளாகி, யுத்தம் வந்து பேப்பரெல்லாம் அந்தச் செய்தியால் நிறைந்த பிறகும் தொடர்ந்தது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பிள்ளைகள் சேர்ந்து ஜெபப் பாட்டு பாடும்போது அவர் போகாமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாருடைய வகுப்பு மகா அலுப்பு என்று பிள்ளைகள் ஜெயபாயிடம் சொன்னார்கள். ஆனால் கணக்கில் ஒருத்தியும் தோற்கவில்லை. அதனால் அவரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.